காற்றுப்படகின் புரொப்பல்லரை எந்த உயரத்தில் வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் இணைப்பின் செய்முறைப் பக்கத்தில், ரிமோட்டில் ஓடும் காற்றுப்படகை, அதாவது காற்றில் சுழலும் புரொப்பல்லர் தள்ளி ஓடும் மாதிரிப் படகை, வீட்டிலேயே கட்டுவது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தீர்கள். தெர்மோகோல், சன்போர்டு, ஒரு பிரஷ்லெஸ் மோட்டார் என்று கைக்கு எட்டும் பொருள்களாகவே சொன்னது நல்லது. ஆனால் படத்தில் மோட்டார் முப்பது சென்டிமீட்டர் கம்பத்தின் உச்சியில் நிற்கிறது. 'தண்ணீர் தெறிக்காமலிருக்க எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது' என்று அடிக்குறிப்பு வேறு. அதை நம்பி ஒரு மாணவர் கட்டினால், மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளிய சில நொடியில் படகு மூக்கைத் தண்ணீருக்குள் குத்தி நிற்கும். மோட்டார் போதவில்லை என்று நினைத்து அவர் இன்னும் பெரிய மோட்டார் வாங்குவார். அது இன்னும் ஆழமாகக் குத்தும். பள்ளிக் கண்காட்சிகளுக்கு இதைப் பார்த்துச் செய்யப்போகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

காற்றுப்படகு என்ற ஏற்பாடே ஒரு சமரசம். தண்ணீருக்குள் சுழலும் புரொப்பல்லர் ஆகாயத்தாமரையிலும் கோரையிலும் சிக்கிக்கொள்ளும். அரையடித் தண்ணீரில் தரையைத் தட்டும். அதனால் புரொப்பல்லரை மேலே தூக்கிக் காற்றில் சுழலவிட்டார்கள். 1905இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழு இப்படியொரு படகைக் கட்டி, 'அழகில்லாத வாத்துக்குஞ்சு' என்ற பொருளில் பெயரும் வைத்தது. பின்னாளில் அமெரிக்காவில் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் இதன் சொந்த ஊர்போல ஆகிவிட்டது. அங்கே ஓடும் பெரிய படகுக்கும் அறுபது சென்டிமீட்டர் மாதிரிக்கும் சிக்கல் ஒன்றுதான்: தள்ளுவது மேலே, தடுப்பது கீழே. தள்ளுவிசை புரொப்பல்லரின் அச்சில் முன்னோக்கிப் போகிறது. தண்ணீரின் இழுப்பு அடித்தட்டில் பின்னோக்கிப் பிடிக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள உயரம்தான் படகைக் குப்புறத் தள்ளும் நெம்புகோல்.

கடற்கரையில் படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார்கள். இனி அந்தச் சொற்களையே வைத்துக்கொள்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. அடித்தட்டு தண்ணீரில் படியும் நீளம் 60 செ.மீ., அகலம் 25 செ.மீ., பேட்டரி உட்பட மொத்த எடை 900 கிராம். அறுபதை இருபத்தைந்தால் பெருக்கினால் 1500 சதுர சென்டிமீட்டர். 900 கிராமுக்கு இது 6 மில்லிமீட்டர்தான் அமிழும். பக்கச் சுவர் 4 செ.மீ. என்றால் மேல்தட்டு தண்ணீருக்கு மேல் 3.4 செ.மீ.யில் இருக்கும். மோட்டார் 2212 அளவு, 1400 கேவி (சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1400 சுற்று). மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 2200 எம்.ஏ.எச்., எடை 180 கிராம். புரொப்பல்லர் 8க்கு 4, அதாவது குறுக்களவு 8 அங்குலம், பிட்ச் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்) 4 அங்குலம். இந்தச் சேர்க்கை ஏறத்தாழ 700 கிராம் தள்ளும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. 30 ஆம்பியர் போதும்.

இனி ஒரே ஒரு கணக்கு. தள்ளுவிசையைப் புரொப்பல்லர் அச்சின் உயரத்தால் பெருக்கி, படகின் எடையால் வகுத்துக்கொள்ளுங்கள். வரும் எண், முழுத் த்ராட்டிலில் படகின் எடை எத்தனை சென்டிமீட்டர் அணியத்தை நோக்கி நகர்ந்ததுபோல் ஆகும் என்பதைச் சொல்லும். உயரத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், மேல்தட்டிலிருந்து அல்ல. உங்கள் படத்தின்படி அச்சு மேல்தட்டுக்கு 30 செ.மீ. மேலே, ஆக தண்ணீருக்கு 33.4 செ.மீ. மேலே. 700ஐ 33.4ஆல் பெருக்கி 900ஆல் வகுத்தால் 26 செ.மீ. வருகிறது. எடை மையம் படகின் நடுவில், அதாவது அமரத்திலிருந்து 30 செ.மீ.யில் இருந்தால், த்ராட்டில் கொடுத்ததும் அது 56 செ.மீ.க்குப் போய்விட்டதாகப் பொருள். படகின் எடை முழுவதையும் மூக்கு நுனிக்கு நான்கு செ.மீ. தள்ளி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும்.

எவ்வளவு நகர்ந்தால் தாங்கும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. செவ்வகத் தட்டையடிப் படகில், எடை விழும் புள்ளி நீளத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரை அடித்தட்டு முழுவதும் தண்ணீரில் படியும். 60 செ.மீ. படகில் அது அமரத்திலிருந்து 20 முதல் 40 செ.மீ. வரை. நாற்பதைத் தாண்டினால் அமரம் தண்ணீரைவிட்டுக் கிளம்பும், அணியம் உழும். மூக்கு வளைந்து மேலேறும் படகு என்றால் வளைந்த பகுதியைக் கழித்துவிட்டு, படியும் நீளத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். இதை மறந்துவிட்டு மொத்த நீளத்தைப் போட்டுக் கணக்குச் சரியென்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

அப்படியானால் எங்கே வைப்பது? முடிந்தவரை கீழே. புரொப்பல்லர் (சுருக்கமாக ப்ராப்) நுனிக்கும் மேல்தட்டுக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டர் விட்டால் போதும். 8 அங்குல ப்ராப்பின் ஆரம் 10.2 செ.மீ.; இடைவெளி 1.5; மேல்தட்டின் உயரம் 3.4. கூட்டினால் அச்சு தண்ணீருக்கு மேல் 15.1 செ.மீ. இப்போது அதே கணக்கு 11.7 செ.மீ. என்கிறது. எடை மையத்தை அமரத்திலிருந்து 23 செ.மீ.யில் வைத்தால், முழுத் த்ராட்டிலில் அது 34.7க்கு நகரும், எல்லைக்குள்தான். த்ராட்டில் கொடுக்காதபோது படகு சற்றே பின்பாரமாக, அமரம் ஒரு செ.மீ. அமிழ்ந்தும் அணியம் இரண்டு மி.மீ. மட்டும் தொட்டும் நிற்கும். பார்ப்பதற்குக் கோணலாகத் தெரியலாம்; அப்படித்தான் இருக்க வேண்டும்.

இடைவெளியை ஒன்றரையிலிருந்து அரை செ.மீ.யாகக் குறைத்து இன்னும் இறக்கலாமே என்று தோன்றும். அங்கே கம்பத்தின் நெகிழ்ச்சி குறுக்கே வரும். 3 மி.மீ. ப்ளைவுட் கால்கள் திடீர்த் த்ராட்டிலில் இரண்டு மூன்று மி.மீ. வளையும், அலையில் படகு தட்டும்போது மேல்தட்டும் அதிரும். நுனி தட்டைத் தொட்டால் ப்ராப் போகும், இல்லாவிட்டால் தட்டு கிழியும். ஒரு செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள்.

உயரத்தைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. 7 அங்குல மூன்று இதழ் ப்ராப் போட்டால் அச்சு 1.3 செ.மீ. இறங்கும், எடை நகர்வு ஒரு செ.மீ. குறையும். அமரப் பகுதியில் மட்டும் பக்கச் சுவரை 3 செ.மீ.க்கு வெட்டித் தாழ்த்தலாம். இதற்கு நேர்மாறாக, 1000 கேவி மோட்டாரில் 10க்கு 4.5 ப்ராப் போட்டால் 800 கிராம் வரை தள்ளும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அச்சு 17.6 செ.மீ.க்கு ஏறிவிடும், எடை நகர்வு 15.6 செ.மீ. ஆகிவிடும். நூறு கிராம் கூடுதல் விசைக்காக நான்கு சென்டிமீட்டர் இழப்பு. நீளமும் அகலமும் பெரிதாக்காமல் ப்ராப்பை மட்டும் பெரிதாக்குவது எங்கள் பார்வையில் வீண் செலவு.

இந்த இடத்தில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு வைத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: 'மோட்டாரைக் கொஞ்சம் சாய்த்துவிடு, சரியாகிவிடும்.' ப்ராப் வட்டத்தின் மேல்விளிம்பு முன்னோக்கிச் சாயும்படி வைத்தால் காற்று பின்னும் மேலுமாகப் போகும், விசையில் ஒரு சிறு பங்கு அமரத்தைக் கீழே அழுத்தும், அணியம் எழும். கருத்தில் பிழையில்லை. அளவைப் பாருங்கள். ப்ராப் வட்டம் அமரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே, எடை மையத்துக்கு 18 செ.மீ. பின்னால் இருக்கிறது. 5 டிகிரி சாய்த்தால் 700 கிராமில் 61 கிராம் கீழ்நோக்கி அழுத்தும். 61ஐ 18ஆல் பெருக்கினால் சுமார் 1100 கிராம்-செ.மீ. படகைக் குப்புறத் தள்ளுவதோ 700ஐ 15.1ஆல் பெருக்கிய 10,570. பத்தில் ஒரு பங்குதான் சரியாகிறது. முழுவதும் சரியாக்க வேண்டுமென்றால் 40 டிகிரி சாய்க்க வேண்டும். அப்போது முன்னோக்கிய விசையில் ஏறத்தாழ கால்பங்கு போய்விடும், 450 கிராம் அமரத்தின் தலையில் ஏறி உட்காரும். 180 கிராம் பேட்டரியை அமரம் நோக்கிப் பத்து செ.மீ. நகர்த்தினாலே 1800 கிராம்-செ.மீ. கிடைக்கிறது. காசு செலவில்லை, விசை இழப்பில்லை. எனவே முதலில் உயரம், அடுத்து பேட்டரி. கடைசியில் மீதியிருக்கும் சிறு குறைக்கு மட்டும் மூன்று முதல் ஐந்து டிகிரி, மோட்டார்த் தட்டின் மேல் திருகுகளுக்கு அடியிலோ கீழ்த் திருகுகளுக்கு அடியிலோ ஒரு வாஷர். எந்தத் திருகு என்பது மோட்டாரை எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வட்டத்தின் மேல்விளிம்பு அணியத்தை நோக்கிப் போகிறதா என்று பார்த்தால் போதும். தப்பான பக்கம் சாய்த்துவிட்டால் அமரம் தூக்கி, குத்து இன்னும் மோசமாகும்.

பேட்டரியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவதற்கும் எல்லை இருக்கிறது. எடை மையம் அமரத்திலிருந்து 20 செ.மீ.க்குள் வந்தால், வேகம் பிடித்ததும் அணியம் எழுந்து விழுந்து எழுந்து விழுந்து தவளைபோலக் குதிக்கத் தொடங்கும். எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில் அடித்தட்டுக்கு அடியில் காற்று புகுந்து படகையே மல்லாக்கத் தூக்கிவிடும். பேட்டரிக்கு வெல்க்ரோ பட்டை போட்டு முன்பின்னாக நகர்த்தும்படி வையுங்கள். பசை போட்டு ஓரிடத்தில் ஒட்டிவிட்டால் பிறகு எதையும் சரிசெய்ய முடியாது.

முன்பின் ஆட்டம் போலவே பக்கவாட்டுச் சாய்வும் உண்டு. உங்கள் கட்டுரை இதைத் தொடவேயில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ப்ராப், எண் எழுதிய முகம் முன்னோக்கி இருக்க, பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும். அதன் எதிர்முறுக்கு, அதாவது ப்ராப் ஒரு பக்கம் சுழலும்போது படகை மறுபக்கம் முறுக்கும் விசை, படகை இடப்பக்கம் சாய்க்கும். மேலே சொன்ன 8 அங்குல ப்ராப் நிமிடத்துக்கு 12,000 சுற்றில் 130 வாட் வாங்கினால், எதிர்முறுக்கு ஏறத்தாழ 1050 கிராம்-செ.மீ. மெதுவாகச் சுழலும் 10 அங்குல ப்ராப்பில் இது 1300ஐ எட்டும். 25 செ.மீ. அகலப் படகில் இடப்பக்க விளிம்பு ஒன்றரை மி.மீ.க்குச் சற்று அதிகமாகத் தாழும், வலப்பக்கம் அதே அளவு எழும். பார்வைக்கு அற்பம். ஆனால் மொத்தமே 6 மி.மீ. அமிழும் படகில் அது பெரிய வேறுபாடு. இடப்பக்கம் இழுப்பு கூடி, படகு எப்போதும் இடப்பக்கம் ஒதுங்கும். பேட்டரியை நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கமாக மூன்று நான்கு செ.மீ. நகர்த்துங்கள். ஆறு செ.மீ. நகர்த்தினால் எதிர்முறுக்கு முழுதும் ஈடாகும். ஆனால் த்ராட்டில் குறையும்போது படகு வலப்பக்கம் சாய்ந்து கிடக்கும். பாதி ஈடு செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இதே காரணத்தால் கவிழும் திசையும் முன்கூட்டியே தெரிந்ததுதான். வலப்பக்கம் திரும்பும்போது, ப்ராப்புக்குப் பின்னால் காற்றில் நிற்கும் சுக்கான் அமரத்தை இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தண்ணீர் மட்டத்தில் இல்லை, 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆகவே படகு இடப்பக்கம் சாயும். எதிர்முறுக்கும் இடப்பக்கம்தான் சாய்க்கிறது. படகு வெளிப்புறம், அதாவது இடப்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே திரும்புவதால் இடப்பக்க விளிம்பு தண்ணீரில் இடறும். மூன்றும் ஒன்றுசேரும் இடம், முழுத் த்ராட்டிலில் வலப்பக்கத் திருப்பம். கவிழ்கிற படகுகளில் பெரும்பாலானவை அங்கேதான் கவிழ்கின்றன. திசை தவறாமல் ஓட அடியில் நீளவாட்டில் பட்டை ஒட்டுகிறவர்கள் அதை 5 மி.மீ. உயரத்துக்கு மேல் விடக் கூடாது; ஆழமான பட்டை பக்கச் சறுக்கலைத் தடுக்கும், தடுத்த கணத்தில் படகு புரளும். பக்க விளிம்பின் அடிமூலையைக் கூர்மையாக விடாமல் 45 டிகிரியில் சீவிவிடுவதும் உதவும்.

எதிர்த்திசையில் சுழலும் இரட்டை மோட்டார் போட்டால் எதிர்முறுக்கு ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டு 6 அங்குல ப்ராப்களின் மொத்தப் பரப்பு ஓர் 8 அங்குல ப்ராப்பைவிட அதிகம். அச்சும் இரண்டரை செ.மீ. இறங்கும். ஆனால் இரண்டும் அருகருகே நிற்க 34 செ.மீ.யாவது அகலம் வேண்டும், இ.எஸ்.சி.யும் இரண்டு வேண்டும். முதல் படகுக்கு இது தேவையில்லை.

படத்தில் ப்ராப்பைப் பூட்டியிருக்கும் விதத்திலும் பிழை இருக்கிறது. மோட்டாரின் தண்டு பின்னோக்கி இருக்கும் ஏற்பாட்டில், எண் எழுதிய முகம் மோட்டாரைப் பார்த்து, அதாவது படகு போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். படத்தில் எண் வெளியே பின்னோக்கித் தெரிகிறது. அப்படிப் பூட்டினாலும், சுற்றும் திசை மாறாதவரை காற்று பின்னால்தான் போகும்; அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் இதழின் குழிந்த பக்கமும் உப்பிய பக்கமும் இடம் மாறிவிடுவதால் விசை வெகுவாகக் குறையும், சத்தம் கூடும், மோட்டார் சூடாகும். சுழலும் திசையை மாற்ற மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் பூட்டினால் போதும். ப்ராப்பைக் கழற்றிவிட்டு, தண்டில் ஒரு துண்டு டேப் ஒட்டித் திசையைப் பாருங்கள்.

நட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண ப்ராப் விமானத்தின் மூக்கில் சுழலும்போது, அதன் எதிர்ப்பு நட்டை இறுக்கும் திசையில் இழுக்கும். அதே ப்ராப்பைப் பின்னோக்கிய தண்டில் பூட்டினால் எதிர்ப்பு நட்டைத் தளர்த்தும் திசையில் இழுக்கும். ஒவ்வொரு திடீர்த் த்ராட்டிலும் ஒரு சிறு தளர்வு. பத்தாவது நிமிடத்தில் ப்ராப் தனியே பறக்கும். இதற்கென்றே எதிர்ச்சுற்று ப்ராப் விற்கிறார்கள். அளவுக்குப் பின்னால் 'பி' அல்லது 'ஆர்' என்று போட்டிருக்கும். அதைப் போட்டால் நட் தானே இறுகும். ஆனால் நினைவில் வையுங்கள்: எதிர்ச்சுற்றில் படகு வலப்பக்கம் சாயும், பேட்டரியை இடப்பக்கம் நகர்த்த வேண்டும், கவிழும் திருப்பமும் இடப்பக்கம் ஆகிவிடும். சாதாரண ப்ராப்தான் கைவசம் இருக்கிறது என்றால் நைலான் வளையம் பதித்த லாக் நட் போடுங்கள். திருகு இறுக்கும் பசையைப் பிளாஸ்டிக் ப்ராப் அருகே கொண்டுபோகாதீர்கள். சில வகைப் பிளாஸ்டிக்கில் அது வெடிப்பு விடும். 'ஸ்லோ ஃப்ளை' என்று எழுதிய மெல்லிய ப்ராப்களும் 12,000 சுற்றுக்கு ஆகாதவை.

கம்பம் ப்ராப்புக்கு முன்னால் இருக்கட்டும், பின்னால் வேண்டாம். பின்னால் இருந்தால் ப்ராப் தள்ளும் வேகக் காற்று முழுவதும் கம்பத்தில் மோதி வீணாகும். முன்னால் இருந்தால் இழப்பு குறைவு. ஆனால் கம்பத்தை ஒட்டிச் சுழன்றால் ஒவ்வொரு இதழும் கம்பம் காற்றை மறைக்கும் இடத்தை, அதாவது அதன் நிழலை, கடக்கும்போது 'டர்ர்' என்று அதிரும். மூன்று செ.மீ. இடைவெளி விடுங்கள். ஒற்றைக் கம்பத்தைவிட, 'ஏ' வடிவில் இரண்டு ப்ளைவுட் கால்களும் முன்னோக்கி ஒரு சாய்வுத் தாங்கியும் நல்லது. கால்களின் அடியில் பத்துக்கு எட்டு செ.மீ. ப்ளைவுட் தட்டு வைத்து எபாக்ஸியால் அடித்தட்டோடு சேர்த்து ஒட்ட வேண்டும். கட்டுரையில் ஹாட் கிளூ என்று இருந்தது. நம் ஊர் சித்திரை வெயிலில் அரைமணி நேரம் குளக்கரையில் வைத்தால் அது இளகிவிடும். கரைப்பான் வாடை வீசும் ரப்பர் பசை தெர்மோகோலையே அரித்துத் தின்றுவிடும்.

சுக்கானுக்கு வருவோம். படத்தில் ஒரே சுக்கான், நட்டநடுவில், ப்ராப்புக்கு இருபது செ.மீ. பின்னால். நடுவில் மோட்டாரின் உடம்பும் ப்ராப்பின் குமிழும் காற்றை மறைக்கின்றன. அங்கே வேகம் குறைவு. ப்ராப் அதிகம் தள்ளுவது ஆரத்தின் முக்கால் பங்குத் தொலைவில். பின்னால் போகப் போக அந்தக் காற்றுத் தூண் சுருங்கும். ஆகவே இரண்டு சுக்கான்கள், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஐந்து செ.மீ. தள்ளி, ப்ராப் வட்டத்துக்கு நான்கைந்து செ.மீ. பின்னால். ப்ராப் வட்டத்தை அமரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். சுக்கான் அமர விளிம்பை ஒட்டியே நிற்கும்.

சுக்கானின் உயரம் 20 செ.மீ., அகலம் 6 செ.மீ. கீல் முன்விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே இருந்தால், காற்றின் ஒரு பங்கு கீலுக்கு முன்னால் விழுந்து, சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டாரான செர்வோவின் வேலையைக் குறைக்கும். 9 கிராம் வகை உலோகப் பல்சக்கர செர்வோ ஒன்று இரண்டு சுக்கானையும் இழுத்துவிடும். இருபுறமும் 30 டிகிரி திரும்பினால் போதும்; 40, 45 என்று போனால் காற்று சுக்கானைவிட்டு விலகிவிடும், திருப்பம் கூடாது, வேகம் மட்டும் குறையும். சுக்கான் ப்ராப் அச்சுக்கு மேலும் கீழும் சம அளவாக நிற்க வேண்டும் என்பது பலர் கவனிக்காத ஒன்று. ப்ராப் தள்ளும் காற்று நேராகப் போவதில்லை, முறுக்கிக்கொண்டு போகிறது: சாதாரண ப்ராப்பில் அச்சுக்கு மேலே வலப்பக்கமாகவும் கீழே இடப்பக்கமாகவும். சுக்கான் சமமாக நின்றால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். மேல்பாதியில் மட்டும் நின்றால், சுக்கான் நேராக இருக்கும்போதே அமரம் வலப்பக்கம் தள்ளப்பட்டு மூக்கு இடப்பக்கம் போகும். ரிமோட்டில் சுக்கானின் நேர்நிலையைச் சரிசெய்யும் ட்ரிம்மை எவ்வளவு திருப்பினாலும் ஒரு த்ராட்டிலுக்குத்தான் சரியாகும், இன்னொன்றுக்குத் தவறும்.

தண்ணீரில் விடுமுன் ஒரு சோதனை. தொட்டியிலோ குளக்கரையிலோ படகை மிதக்கவிட்டு, அமரத்தில் கயிறு கட்டி, பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் கைத்தராசில் மாட்டி, தராசைக் கரையில் ஒரு முளையோடு கட்டுங்கள். கயிற்றை அமரத்தின் அடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் கட்ட வேண்டும். சௌகரியமாக இருக்கிறதென்று மோட்டார்க் கம்பத்தில் கட்டினால், கயிறும் ப்ராப்பும் ஒரே உயரத்தில் இழுத்துக்கொள்ளும்; அணியம் தாழவே தாழாது; எல்லாம் சரியென்று ஏமாந்துபோவீர்கள். அடியில் கட்டினால்தான் தண்ணீர் இழுப்பின் வேலையைக் கயிறு செய்யும். மெதுவாக முழுத் த்ராட்டில் வரை ஏற்றுங்கள். அணியம் அமரத்தைவிட அரை செ.மீ. தாழ்ந்தால் கவலையில்லை, ஓட்டத்தில் வேகம் பிடித்ததும் தண்ணீர் அடித்தட்டை முட்டி அதைத் தூக்கிக்கொள்ளும். ஒரு செ.மீ. தாழ்ந்தால் பேட்டரியைப் பின்னால் நகர்த்துங்கள். அமரம் தண்ணீரைவிட்டே எழுந்தால் கம்பத்தைத்தான் வெட்ட வேண்டும். தராசு காட்டும் கிராம் எண்ணை முன்சொன்ன கணக்கில் போட்டால், எங்கள் 700க்குப் பதில் உங்கள் படகின் உண்மையான விசை கிடைத்துவிடும்.

ஓட்டும்போது ஒரு பழக்கம் வேண்டும். வளைவில் பயந்து த்ராட்டிலை முழுதும் விட்டால் சுக்கானில் காற்றே இருக்காது; படகு திரும்பாமல் நேராகப் போய்க் கரையில் ஏறும். பிரேக் கிடையாது, விமான இ.எஸ்.சி.யில் ரிவர்சும் கிடையாது. கால்பங்கு த்ராட்டிலாவது வைத்துக்கொண்டே திருப்ப வேண்டும். படகிலுள்ள ரிசீவரின் ஃபெயில்சேஃப் என்ற பாதுகாப்பு அமைப்பை, சிக்னல் அறுந்தால் த்ராட்டில் பூஜ்யம் ஆகும்படி வைத்து, ப்ராப் இல்லாமல் ரிமோட்டை அணைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

கடைசியாக, உங்கள் படத்தில் கூண்டே இல்லை. 12,000 சுற்றில் 8 அங்குல ப்ராப்பின் நுனி மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. விரல் பட்டால் எலும்பு வரை வெட்டும். சைக்கிள் ஸ்போக்குகளை வளைத்து ஈயம் பற்றவைத்தோ நூல் சுற்றி எபாக்ஸி பூசியோ கூண்டு கட்டலாம். நுனியிலிருந்து கூண்டு ஒன்றரை செ.மீ. தள்ளியும், முன்பக்கக் கம்பிகள் ப்ராப் வட்டத்துக்கு இரண்டரை செ.மீ. முன்னாலும் இருக்கட்டும், அதைவிட நெருங்கினால் கம்பத்தின் நிழல்போலவே அதிரும். கம்பிகளுக்கிடையே சிறுவர் விரல் நுழையாதபடி மெல்லிய கம்பி வலையை மேலே சுற்ற வேண்டும். அதனால் விசை கொஞ்சம் குறையத்தான் செய்யும். கூண்டும் நூறு கிராமுக்கு மேல் எடையை அமரத்தில் ஏற்றும். எடை மையத்தைக் கூண்டு மாட்டிய பிறகே பார்க்க வேண்டும். சோதனையின்போது ப்ராப் சுழலும் தளத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. இதழ் உடைந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும். நுனி சிராய்த்த ப்ராப்பை ஒட்டவைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

திருத்திய படம் வெளியிடுவதாக இருந்தால், கம்பத்தைக் குட்டையாக்குவதோடு கூண்டையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள். பேட்டரியை நடுக்கோட்டில் ஒட்டியதாகக் காட்டாமல், வெல்க்ரோவில் நகரும்படி காட்டுங்கள்.

இப்படிக்கு,
மாதிரிப் படகு கட்டுவோர் சிலர்,
கோயம்புத்தூர்.